நைட்ரிக் அமிலம் ஊற்றிய பாட்டில்

எஸ்தர் மேடம் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். விழுப்புரம் வண்டி எதிரிலேயே நின்றும் ஏறத் தோன்றவில்லை. விழுப்புரம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடம் எதிரெதிர் மேசையில் இருந்தவர்கள் நாங்கள்.

ஈயம், இரும்பு போன்ற உலோகங்கள் என் பிரிவு. நைட்ரேட், குளோரைடு போன்ற அயனிகள் அவருடையது. என் கருவி சுடரில் எரித்துப் பார்க்கும். அவருடையது ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும். எது உசத்தி என்று டீ குடிக்கும்போதெல்லாம் வாய்ச்சண்டைதான். "ரெண்டுத்தையும் நம்பாதீங்க சார். பியூரெட்டையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்பார். சந்தேகம் வந்தால் அந்தக் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் கையாலேயே சரிபார்ப்பார். நான் கிண்டல் செய்வேன்.

ஒருமுறை அவர் விடுப்பில் இருந்ததால் அயனிகளையும் நானே பார்த்தேன். திண்டிவனம் பக்கத்துக் காலனி ஒன்றின் கைப்பம்புத் தண்ணீர். நைட்ரேட் எக்கச்சக்கமாகக் காட்டியது. அறிக்கை போனது, பம்பைப் பூட்டினார்கள். காலனிப் பெண்கள் வயல்காட்டு மோட்டாருக்குக் குடத்தோடு நடந்தார்கள்.

திரும்பி வந்த எஸ்தர் மேடம் நான் பயன்படுத்திய பாட்டிலை எடுத்து பியூரெட்டில் பார்த்தார். "இன்னா சார் இது, நெலத்தடித் தண்ணி இப்படியா அமிலமா இருக்கும்?" என்றார். உலோகம் பாட்டிலில் ஒட்டாதிருக்க என் பிரிவுப் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் ஊற்றி வைப்போம்; அயனிகளுக்கு அமிலம் சேர்க்காத தனிப் பாட்டில். பழக்க தோஷத்தில் அந்தப் பாட்டிலையே எடுத்திருந்தேன். நைட்ரேட் முழுக்க நான் ஊற்றியது.

சரியான பாட்டிலில் பார்த்தால் நல்ல தண்ணீர். கடிதம் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை, இருவரும் காலனிக்கே போனோம். "தப்பு என்னுதும்மா, மன்னிச்சிக்குங்க" என்று அந்தப் பெண்களிடம் அவர் கைகூப்பினார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. பிரிவு அவருடையது என்பதால் மெமோவும் அவருக்கே வந்தது. அதற்கும் அவரே பதில் எழுதினார். அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் ஊரான கண்டமங்கலத்தில் அடக்கம் முடிந்ததும் அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அங்கிள். 'சார் ஒருநாள் அவரே ஆபீஸ்ல சொல்லுவாரு, நீ வாயத் தொறக்காத'ன்னு அம்மா சொல்லிக்கினே இருந்தாங்க" என்றாள்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த நம்பிக்கைதான். அதற்கு நான் தகுதியானவன் அல்ல. ஆபீஸில் அவரோடு வேலை பார்த்தவர்களே, இப்போதாவது உங்களிடம் சொல்கிறேன்: அந்தத் தவற்றைச் செய்தது நான்.