வாசலில் சொல்ல வேண்டிய சொல்

நானும் அப்பாவும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, வீட்டுக் கதவின் அடியை இழைத்தது. மழைக்காலம் வந்தால் மயாமியில் மரக்கதவுகள் ஊதிவிடும். எங்கள் கதவு தரையில் உரசி, திறக்கும்போதெல்லாம் ஆடு கத்துவதுபோல் சத்தம் போடும். அந்த ஞாயிற்றுக்கிழமை கீல்களைக் கழற்றி, கதவை இரண்டு நாற்காலிகளின்மேல் கிடத்தினோம். அவர் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் இழைப்புளியைத் தள்ளினேன்.

"போதும் லோர். ரொம்ப எடுத்தா கரப்பான் குடும்பத்தோட குடி வந்துரும்."

"கழட்டினது கழட்டியாச்சு. கண்ணு வச்சுப் பார்க்கிற மாதிரி ஒரு ஓட்டை போட்டுரலாம்ப்பா. யார் நிக்கிறாங்கன்னு தெரியும்."

"என்ன தெரியும்? சட்டை தெரியும். சட்டையை எவன் வேணும்னாலும் மாட்டிக்குவான்." அவர் மரத்தூளை ஊதினார். "நான் காதை நம்புறவன்."

அப்போது வேலிக் கேட்டுக்கு அப்பால் இருந்து ஒரு குரல் வந்தது. "ஓனோர்!"

அப்பா சிரித்தார். "ரெஸ்பே," என்று பதில் கொடுத்துவிட்டு, "எத்தனை வருஷமா சொல்லித் தர்றேன், ஒரு சொல்லு வாயில நுழையுதா பாரு. ஒனே. ஒ-னே," என்றார்.

வந்தது யோஸ்வானி. அப்பாவுக்கு முதலாளி. கியூபாக்காரர்.

"எங்க ஸ்பானிஷ்ல ஓனோர். ரெண்டும் ஒரே அர்த்தம்தானே பெருசு?"

"அர்த்தம் யாருக்கு வேணும்? நீ சொன்ன மாதிரி சொன்னா, உள்ள இருக்கிறவன் பின்பக்கமா ஓடிருவான்."

ஹெய்ட்டியில் ஒரு வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று 'ஒனே' என்று குரல் கொடுப்பார்கள். கௌரவம் என்று பொருள். வீட்டுக்காரர் 'ரெஸ்பே', அதாவது மரியாதை, என்று பதில் சொன்னால்தான் உள்ளே கால் வைக்கலாம். மயாமிக்கு வந்தபின் எங்கள் ஆட்கள் இதை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் வருகிறோம், எதற்கு வாசலில் கத்த வேண்டும்? இந்த வருடம் அது திரும்பி வந்தது, வேறு வேலைக்காக. குடியேற்ற அதிகாரிகள் வீடு வீடாக வருகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, பாதிரியார் பிரசங்கத்தின் முடிவில் சொன்னார்: ஒனே சொல்லாதவருக்குத் திறக்காதீர்கள். சொல்லத் தெரிந்தவர் நம்மவர். தெரியாதவர் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் நம்மவர் இல்லை. அன்றிலிருந்து லிட்டில் ஹெய்ட்டியில் எங்கள் தெரு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் திறந்தது.

அப்பா பெயர் வில்நோர். அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு. பிடித்துக்கொண்டுபோய்த் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது. அவர் பிறந்த தெருவில் இப்போது துப்பாக்கிக் கும்பல்தான் இருக்கிறது. வீடுகள் எரிந்துவிட்டன. திருப்பி அனுப்பினால் எங்கே இறங்குவது என்று அவர் கேட்பார்.

கடற்கரைப் பகுதியில் தெருவுக்குள் ஏறும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்புகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பம்புகளில் ஒன்று ஓடி ஒன்று நின்றால், இரண்டுக்கும் பொதுவானவற்றை முதலில் ஒதுக்குவோம். ஒரே மின்சாரம், ஒரே தண்ணீர், ஒரே வயது. மிஞ்சுவது எதுவோ அங்கேதான் கோளாறு. யோஸ்வானியையும் அப்பாவையும் வேறு எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இருவரும் வந்தது ஒரே வருடம், 2007. ஒரே கடல், ஏறக்குறைய ஒரே கடற்கரை. இருவரும் படகில் வந்தார்கள். எங்கள் படகில் ஆட்கள் அதிகம், குடிதண்ணீர் குறைவு. எனக்கு அப்போது பதினொரு வயது. கரை தெரிந்ததும் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைசித் தூரத்தைத் தண்ணீரில் நடந்தார். யோஸ்வானி வந்து சேர்ந்தபோது அவருக்குத் துண்டும் சூடான காப்பியும் கிடைத்தன. கியூபாக்காரர் மணலில் காய்ந்த கால் வைத்துவிட்டால் இருக்கலாம், ஈரக் காலோடு கடலில் பிடிபட்டால் திரும்ப வேண்டும் என்பது அப்போதைய சட்டம். ஒரு வருடமும் ஒரு நாளும் போனால் நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டை. எங்களுக்கும் துண்டு கொடுத்தார்கள். பிறகு பேருந்தில் ஏற்றித் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

"எனக்கு அன்னைக்குக் கால் காஞ்சிருந்துச்சு பெருசு, அதான்," என்று யோஸ்வானி கிண்டல் செய்வார்.

"எனக்கு இன்னும் காயலை," என்பார் அப்பா.

முகாமிலிருந்து எங்களை விட்டார்கள், நாடுகடத்தும் வழக்கு என்ற கயிற்றைக் கட்டித்தான். 2010இல் ஹெய்ட்டியில் பூகம்பம் வந்தது. அப்பாவின் இரண்டு தங்கைகள் இடிபாட்டில் போனார்கள். அந்தப் பூகம்பத்துக்காக, இங்கே இருந்த ஹெய்ட்டிக்காரர்களுக்குத் தற்காலிகமாகத் தங்கவும் வேலை செய்யவும் ஒரு தாள் கொடுத்தார்கள். என்னிடம் இருப்பதும் அதே தாள்தான். அதைப் புதுப்பிக்கும்போது அப்பா, தங்கைகள் செத்ததால் கிடைத்தது என்று ஒருமுறை மட்டும் சொன்னார்.

அந்தத் தாளைக் கொண்டு அவர் வேலைக்குப் போன இடம் மயாமி ஆற்றங்கரையில் ஒரு படகுப் பட்டறை. பணக்காரர்களின் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, மருந்து கலந்த சாயம் பூசுவார்கள். அங்கேதான் யோஸ்வானியும் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரே சுரண்டி, ஒரே புகை, ஒரே கூலி. மதியம் அப்பா கறுப்புக் காளான் சோற்றைப் பிரிப்பார். யோஸ்வானி கறுப்பு மொச்சைச் சோற்றைப் பிரிப்பார். "உன் சோறும் என் சோறும் ஒரே நிறம், முதலாளி மட்டும்தான் வெள்ளை," என்று யோஸ்வானி சொன்னதற்கு அப்பா வீட்டில் வந்து சிரித்தார்.

அதன்பின் வித்தியாசம் பிரியத் தொடங்கியது. யோஸ்வானி கையில் அட்டை இருந்தது. மயாமியை ஒட்டி, கியூபாக்காரர்கள் நிறைந்த ஹயலியாவில் வங்கி மேலாளரும் அவரும் ஒரே ஊர்ப் பக்கம். கடன் கிடைத்தது. முதலில் ஒரு லாரி, பிறகு அதே பட்டறையில் சொந்த ஒப்பந்த வேலை, பிறகு வீடு. அந்த ஊரில் பள்ளி, ஆஸ்பத்திரி, நகராட்சி எங்கே போனாலும் அவர் மொழியில் பேசலாம். அவர் குடியுரிமை வாங்கி வாக்குப் போட்டார். அப்பாவுக்கு எந்த வங்கியும் கடன் தரவில்லை. தாளில் முடிவுத்தேதி எழுதியிருக்கிறதே. வாடகை வீட்டிலேயே இருந்தோம். லிட்டில் ஹெய்ட்டி கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. கடல் ஏறுகிறது என்று தெரிந்தபின் பணக்காரர்களுக்கு எங்கள் மேடு பிடித்துவிட்டது. எங்கள் வீட்டையும் விற்றுவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

யோஸ்வானி கெட்டவர் இல்லை. சொந்தமாகத் தொழில் தொடங்கியதும் முதலில் கூப்பிட்டது அப்பாவைத்தான். ஆனாலும் ஒருவர் முதலாளி, ஒருவர் கூலி என்று ஆகிவிட்டது. இருவரிடமும் கெட்டிக்காரத்தனம் ஒரே அளவு இருந்தது. சோம்பல் இருவரிடமும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் பட்டறையில் யோஸ்வானி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று மாலையே இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவமனையில் வாசல் பெருக்குபவர் முதல் மருத்துவர் வரை அவரோடு ஸ்பானிஷில் பேசினார்களாம். அப்பாவுக்கும் ரத்த அழுத்தம் இருந்தது. ஒருமுறை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதுப்பித்த தாள் தபாலில் இன்னும் வந்திருக்கவில்லை. பழைய தாளில் தேதி முடிந்திருந்தது. முகப்பில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு யாரையோ கேட்டுவர எழுந்து போனாள். அவள் வருவதற்குள் அப்பா கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தார். அதற்குப் பிறகு போகவில்லை. கொல்லையில் இருந்த முள்சீத்தா மரத்தின் இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தார்.

இந்த வருடம் எங்கள் தாள் முடிகிறது என்று அறிவித்தார்கள். நீதிமன்றம் நிறுத்தியது. திரும்பவும் அறிவித்தார்கள். அப்பா செய்தி கேட்பதை விட்டுவிட்டார்.

ஞாயிறன்று யோஸ்வானி வந்தது கதவைப் பார்க்க இல்லை. கதவின் மறுமுனையைப் பிடித்துக் கீலில் மாட்ட உதவியபின் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பெருசு, என் மச்சான் இருக்கான்ல, நாலு வருஷம் முன்னால வந்தவன். அவனுக்கு அட்டை இல்லைன்னுட்டாங்க. வீட்டுல விளக்குப் போடாம உட்கார்ந்திருக்கான். தூங்கியே எத்தனை நாளாச்சோ."

"கியூபாக்காரனுக்கா?"

"கியூபாக்காரனுக்குத்தான். அந்தச் சட்டம்தான் எப்பவோ போச்சே."

"அடடா." அப்பா திருகாணியை முறுக்கிக்கொண்டே சொன்னார். "வாங்க, வாங்க. வரிசை ரொம்ப நீளம், பின்னால போய் நில்லுங்க."

யோஸ்வானி சிரிக்கவில்லை. அப்பா திருப்புளியைக் கீழே வைத்தார்.

"சரி, கோவிச்சுக்காத முதலாளி. முள்சீத்தா இலை போட்டுக் கொதிக்க வச்சுக் குடுத்தா தூக்கம் வரும். இளசா பறிச்சு வியாழக்கிழமை எடுத்துட்டு வர்றேன். வாசல்ல வந்து யார் தட்டினாலும் தெரியிற மாதிரி உங்களுக்கும் ஒரு சொல்லு வச்சுக்கங்க."

"எங்ககிட்ட அப்படி எதுவும் இல்லையே."

"இத்தனை நாள் உங்களுக்கு எதுக்குத் தேவைப்பட்டுச்சு?" என்றார் அப்பா.

புதன்கிழமை காலை அவர் என்னை அழைத்தார். நான் பம்புக் கிணற்றில் இறங்கியிருந்தேன். பட்டறையிலிருந்து பாதியில் வந்துவிட்டதாகச் சொன்னார். நெஞ்சில் ஒரு பாரம், வாயுதான் என்றார்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கப்பா."

"ஆம்புலன்ஸ் பின்னாடியே போலீஸும் வரும். வாயுவுக்குப் போய் போலீஸா? நீ வேலையைப் பாரு."

நான் கிளம்பினேன். ஆற்றின் தூக்குப்பாலத்தை மேலே தூக்கியிருந்தார்கள். உயரமான பாய்மரப் படகு ஒன்று ஆற்றில் போய்க்கொண்டிருந்தது. நீர்மட்டத்தை ஒட்டித் தெரிந்த அடிவிளிம்பு புதிதாகச் சாயம் பூசியது.

வழியிலேயே போனில் யோஸ்வானிக்கும் சொன்னேன். எனக்கு முன்பே அவரிடம் அப்பா பேசியிருந்தார். அப்பாவின் குரலைக் கேட்டவுடன் அவருக்குப் புரிந்துவிட்டது, தனக்கு வந்ததுதான் என்று. ஆம்புலன்ஸை அழைத்தது அவர்தான். அழைத்துவிட்டு ஹயலியாவிலிருந்து லாரியை விரட்டிக்கொண்டு வந்தார்.

மீதியை எனக்குச் சொன்னது எதிர்வீட்டு இமாகுலா அத்தை. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. பின்னால் ஒரு போலீஸ் காரும் வந்தது. சீருடைக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. பிறகு ஸ்பானிஷில் கூப்பிட்டார்கள். ஐயா, உதவிக்கு வந்திருக்கிறோம், திறங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். அத்தைக்கு ஸ்பானிஷ் தெரியும். அவள் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

"வந்தது ஆம்புலன்ஸுன்னு தெரிஞ்சுதா அத்தை?"

"தெரிஞ்சுதுடி. போலீஸும் தெரிஞ்சுது. வேஷம் போட்டு வர்றாங்கன்னு சொல்றாங்களே. நான் எப்படி வெளிய வருவேன்? என் பையன் தாள் இல்லாதவன், உள்ள தூங்குறான்."

அவர்கள் எவ்வளவு நேரம் தட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. என் வேலையில் முதலில் கேட்பது, பம்பு எவ்வளவு நேரம் நின்றது என்பதைத்தான். வீட்டைச் சுற்றி வந்து சன்னலில் பார்த்தார்கள். எல்லாத் திரையும் மூடியிருந்தது. ஆள் இல்லாத வீடுபோல் இருக்கிறதே, முகவரி சரிதானா என்று வாக்கிடாக்கியில் கேட்டுக்கொண்டிருந்தபோது லாரி வந்து நின்றது. யோஸ்வானி இறங்கி ஓடிவந்து, போலீஸ்காரர் கையைத் தள்ளிவிட்டு, கதவருகே வாயை வைத்துக் கூப்பிட்டார்.

"ஒனே! பெருசு, ஒனே!"

அன்றுதான் முதல்முறையாகச் சரியாகச் சொன்னார். அத்தைகூட நம்மவர் யாரோ என்று நினைத்தாளாம்.

உள்ளேயிருந்து, கதவுக்கு மிக அருகில், கீழிருந்து, "ரெஸ்பே" என்று பதில் வந்தது.

கீழ்த் தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு எங்கும் உரசவில்லை. சத்தமே இல்லாமல் திறந்தது. அப்பா அதுவரை கதவில் முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர்கள் தள்ளித் திறந்துவிடாதபடி தன் கனத்தையும் சேர்த்து வைத்திருந்தார். கதவு திறந்ததும் பக்கவாட்டில் சாய்ந்தார்.

நான் போனபோது ஆம்புலன்ஸ் புறப்பட்டிருந்தது. வழியிலேயே முடிந்துவிட்டது. மருத்துவமனையில், ஆம்புலன்ஸில் வந்த இளைஞர்களில் ஒருவன் என்னிடம் வந்து, அவன் தாத்தாவும் படகில்தான் வந்தார் என்று சொன்னான். என்ன சொல்ல வந்தான் என்று தெரியவில்லை. நன்றி என்றேன்.

யோஸ்வானி இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அடக்கத்தில் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். பின்பு என்னிடம், "கொஞ்சம் முன்னாலயே சரியா சொல்லக் கத்துக்கிட்டிருந்தா, அதை ஆம்புலன்ஸ்காரங்ககிட்ட போன்லயே சொல்லிக் குடுத்திருப்பேன்," என்றார். அதிலும் பயன் இருந்திருக்காது. அவர்கள் வாயில் அது நுழைந்திருக்காது. அவர்கள் வாயிலும் நுழைந்துவிட்டால் எங்கள் தெருவுக்கு அந்தச் சொல் பிறகு எதற்கு?

தெருவில் கதவுகள் இன்னும் இறுகிவிட்டன. அப்பாவின் சாவிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம், ஆம்புலன்ஸோடு போலீஸும் வந்தது உண்மைதான் என்பது.

வீட்டை வாங்கியவர்கள் கொல்லையில் வெட்ட வேண்டிய மரங்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். முள்சீத்தாவுக்கும் போட்டிருக்கிறது. சமையலறைக் கதவின் கைப்பிடியில், இலை பறிக்க அப்பா எடுத்துவைத்த துணிப்பை தொங்குகிறது. ஹயலியாவில் அந்த மச்சான் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறான். இளசாகப் பறித்து வியாழக்கிழமை கொண்டுவருவதாக அப்பா சொல்லியிருந்தார். பை காலியாகத்தான் இருக்கிறது.