புள்ளி வெச்சா பாஸ்

பனியன் தொழில்ல எல்லாத்துக்கும் ஒரு அளவு உண்டு. ஆர்டர் வந்ததுல இருந்து கப்பல் ஏத்துற வரைக்கும் பாத்துக்குற மெர்ச்சண்டைசர் வாங்குற திட்டுக்கு மட்டும்தான் அளவே கிடையாது. வெளிநாட்டுப் பையரோட மெயிலுக்கும் முதலாளியோட முறைப்புக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு, நெருப்பெரிச்சல்ங்கிற ஊர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. பேக்கிங் டேபிள்ல நின்னுக்கிட்டிருந்த என்னைக் கூப்பிட்டு, மெர்ச்சண்டைசர் சீட்டுல உக்கார வெச்சார் முதலாளி. முதல் ஆர்டரைக் கையில கொடுத்துட்டுச் சொன்னார்: "ஜெசி, இது நல்லபடியா கப்பல் ஏறுச்சுன்னா சீட்டு உனக்கு. இல்லீன்னா மறுபடியும் பேக்கிங் டேபிள்தான் கண்ணு."

அது இங்கிலாந்து இல்லை

பையர் பேரு மேகன். அவங்க ஊர்ல பழைய சர்ச் ஒண்ணைப் பழுது பாத்துத் திறக்குறாங்க, அந்த விழாவுக்குத்தான் டி-ஷர்ட். போன்ல ஒரே மூச்சுல கொட்டித் தீர்த்துட்டாங்க. விக்டோரியா ராணியோட கடைசிக் காலத்துல அந்த ஊர்ச் சுரங்கத்து ஆளுங்க பகலெல்லாம் கரி வெட்டிட்டு, சாயங்காலம் குளிச்சு முழுகி சர்ச் பாட்டுக்குழுவுல, அதான் கோயர்ல, வந்து நிப்பாங்களாம். பாட்டுப் போட்டின்னா ஊரே ரயில் ஏறிப் போகுமாம். அங்கேயே கவிதையில ஜெயிச்சவருக்கு என்ன பரிசு தெரியுமா? ஒரு நாற்காலி! அட, ஒரு சீட்டுக்காகத்தானே நானும் தவம் கிடக்கேன்னு நினைச்சுக்கிட்டேன். அந்தக் கோயர் போட்டோ டி-ஷர்ட்டுக்கு முன்னாடி, அவங்க பாடின மெட்டு முதுகுல. இதுதான் ஆர்டர்.

எனக்கு உற்சாகம் தாங்கலை. "உங்க இங்கிலாந்து பிரமாதம் மேடம்!"னுட்டேன். "நான் வேல்ஸ்"னு மட்டும் சொல்லி போனை வெச்சுட்டாங்க. பதறிப்போய் முதலாளிகிட்ட ஓடினேன். அவருக்குச் சட்டுனு புரிஞ்சு போச்சு. "காதர்பேட்டை பனியன் சந்தைக்கு வர்ற வடக்கத்தி யாவாரிக நம்மள மதராசிங்கற மாதிரியா? அப்பக் கோவம் வரத்தான செய்யும்!"

ரெண்டு ரெண்டா

மன்னிப்பு மெயில் போட்டு, ஒருவழியா சமாதானம் ஆகி, போட்டோவுக்குக் கீழ வர்ற வாசகம் வந்துச்சு. அவங்க வேல்ஸ் பாஷை. எல் ரெண்டு, டி ரெண்டு, உயிரெழுத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். எங்க கம்ப்யூட்டர் செக்‌ஷன் செந்தில் திருத்தியே தீருவேன்னு நின்னான். "ஒரு எழுத்தைத் தொட்டே, கையை ஒடிச்சுருவேன்"னேன். அதுதான் சரியான எழுத்துன்னு அவன் நம்பவே இல்லை. "அந்தம்மா கீபோர்டுல டீயைக் கொட்டிட்டாங்க போலீங்க்கா, எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டா உழுகுது!"

செந்திலோட சுத்தம்

முதுகுப் பக்கம் அச்சடிக்கிற மெட்டோட ஆர்ட்வொர்க் நேரா செந்திலுக்கே போயிருச்சு. பிரிண்டிங் யூனிட்ல இருந்து சாம்பிள் துணி வந்தப்பதான் நான் பாத்தேன். பாத்ததும் யம்மாடி, மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு! மேல்நாட்டு நோட்டேஷன்ல வர்ற அஞ்சு கோடு கிடையாது, வெறும் ஆங்கில எழுத்து. 'டி'ன்னா டோ, 'எம்'முன்னா மீ. இது எங்க சோல்ஃபாவாச்சே, மேல்நாட்டு சரிகம! திருநெல்வேலிப் பக்கம் எங்க சர்ச் கோயர்ல சின்ன வயசுல இருந்து இதைப் பாத்துத்தான் பாடுறோம். அந்தச் சுரங்கத்து ஆளுங்களும் இதையேதான் படிச்சிருக்காங்க.

துள்ளிக் குதிச்சுப் பாட ஆரம்பிச்சா, தாளம் இடறுது. உத்துப் பாத்தேன். எழுத்துக்கு நடுவுல தாளம் சொல்ற புள்ளி ஒண்ணையும் காணோம். ஒரிஜினல்ல வரிசையா இருக்கு, துணியில இல்லை! "செந்திலு!"ன்னு போட்ட கூச்சல்ல அவன் டீ டம்ளரோட ஓடி வந்தான். "எழுத்தைத் தொடலீங்க்கா. நடுவுல தூசி புள்ளி புள்ளியா இருந்துச்சு, அதை மட்டுந்தான் சுத்தமா தொடச்சு விட்டேனுங்க!"

சிவப்பு அம்பு

புள்ளியைத் திரும்ப வெச்சு, புது அச்சு ஸ்கிரீன் போட்டு, துணி அடிச்சு, தெச்சு முடிஞ்சு பீஸ் செக்கிங்குக்கு வந்துச்சு. அப்பாடான்னு எட்டிப் பாத்தா, ரிஜெக்ட் பக்கம் மலையாக் குவிஞ்சு கிடக்கு. ஒவ்வொரு புள்ளியையும் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்! ஒட்டினது செக்கிங் பாப்பாத்தியக்கா. கறைப்புள்ளின்னா அவங்களுக்கு ஜென்மப் பகை.

"அக்கா, இது கறையில்லை, பாட்டு!"ன்னு கெஞ்சினேன். அசையலை. வேற வழியில்லாம செந்திலோட சுத்தமான சாம்பிளைக் கையில எடுத்து, அது போற போக்குல நொண்டி நொண்டிப் பாடினேன். அப்புறம் புள்ளி வெச்ச பீஸைப் பிரிச்சு, டேபிள்ல தாளம் தட்டிப் பாடினேன். செக்கிங் பொண்ணுங்க எல்லாம் கூடச் சேர்ந்து தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. "புள்ளி இருந்தா பாஸுக்கா!"ன்னேன். அக்கா முனகிக்கிட்டே ஒவ்வொரு அம்பா உரிச்சாங்க. "புள்ளி இருந்தா பாஸு, இல்லீன்னா ரிஜெக்ட்டா? காலம் கெட்டுப் போச்சு சாமி!"

மேகன் வந்தாங்க

கடைசி இன்ஸ்பெக்‌ஷனுக்கு மேகனே நேர்ல வந்துட்டாங்க. ஒரு பீஸை விரிச்சு, முதுகு மேல விரலை ஓட்டினாங்க. முதலாளி என்னையே பாக்குறார். எதிர்ல பேக்கிங் டேபிள் வேற தெரியுது. படபடப்புல என்னையறியாம வாய் அந்த மெட்டைப் பாடிருச்சு. மேகன் சடக்குன்னு நிமிர்ந்தாங்க. மறுவரியில எனக்குக் கீழ் ஸ்தாயியில அவங்களும் சேர்ந்துட்டாங்க! தையல் மெஷினெல்லாம் நின்னு போச்சு. அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு அதுக்கு முன்னால வந்ததே இல்லை.

கண்ணைத் துடைச்சுக்கிட்டே இன்னொரு பீஸை எடுத்தாங்க. விரல் பாதி வரியில நின்னுச்சு. "ஜெசி, இதுல ஒரு புள்ளி கூடுதலா இருக்கே? இப்படிப் பாடினா தாளம் தப்பும்." குனிஞ்சு பாத்தேன். மெஷின் ஆயில்! உசுரே போயிருச்சு. நான் திக்கித் திணறி உண்மையைச் சொல்ல, மேகன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அந்தப் பீஸைத் தன் பைக்குள்ள போட்டுக்கிட்டு, மத்ததெல்லாம் கப்பல் ஏறட்டும்னு கையெழுத்துப் போட்டாங்க. சீட்டு எனக்குன்னு முதலாளி ஜாடை காட்டினார். நான் திரும்பி பாப்பாத்தியக்காவை முறைச்சேன். அவங்க அலட்டிக்கவே இல்லை. "புள்ளி இருந்தா பாஸுன்னு நீதான கண்ணு சொன்னே!"

எது பாட்டு, எது ஆயில் கறைன்னு கப்பல் கிளம்புறதுக்குள்ள கண்டுபிடிக்கிற பொழப்புக்குத்தாங்க மெர்ச்சண்டைசிங்னு பேரு வெச்சிருக்காங்க.