மேயும் பறவையைக் கிளப்பாதே

துபாய்க் கடற்கழியோரம் பூநாரை பார்க்க வருகிறவர்களை அதட்டி அடக்குவதுதான் உடையப்பனின் வேலை. அதையும் குரலை எழுப்பாமல்தான் அதட்ட வேண்டும். சிவகங்கைப் பக்கமிருந்து கட்டடத்துக்குக் கம்பி கட்ட வந்தவரை, இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, கம்பெனி இங்கே காவலுக்குப் போட்டது. சத்தம் கூடாது, கை தட்டக் கூடாது, பறவையைக் கிளப்பக் கூடாது. வருஷக்கணக்கில் குசுகுசுத்தே அவருடைய குரல் உள்ளே போய்விட்டது. போனில் மனைவி நாகவள்ளி, "கேக்கல, உரக்கப் பேசுங்க" என்று எரிந்து விழுவாள்.

2009 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழிலாளர் கேம்ப்பில் பக்கத்துக் கட்டில்காரனான அன்பரசன் அங்கே வந்தான். அவன் வேலை பார்த்த சைட்டை மூடிவிட்டார்கள். மறுநாள் ஊருக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். மகளுக்குக் காட்ட, பூநாரைகள் கூட்டமாய் எழும்பும் படம் ஒன்று வேண்டுமாம். கதிரில் குருவி விரட்டிய பழக்கத்தில், கை தட்ட இரு கைகளையும் ஓங்கினான்.

உடையப்பன் பாய்ந்து பிடித்தார். "டேய், மேஞ்சுக்கிட்டு இருக்குதுகடா! பாதித் தீனியில கிளப்புறது பாவமில்லையா?"

அன்பரசன் அவரையே பார்த்தான்.

"மெஸ்ஸுல சோத்துல கைய வெச்சிருந்தப்பதானேண்ணே, 'கலாஸ், முடிஞ்சுபோச்சு, வேலை இல்ல'ன்னு எங்கள எழுப்பி விட்டானுங்க? அப்ப எவனுக்குண்ணே பாவம் தெரிஞ்சுச்சு?"

உடையப்பன் பிடித்த கைகளை விட்டார். தட்டினால் தட்டிக்கொள்ளட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அன்பரசன் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.

"விடுங்கண்ணே. அதுகளாவது திங்கட்டும்."