கடலை மறித்த ஜீவராணி

ரஷ்யாவின் மூன்றாம் சேனையை இரண்டு விரலால் தூக்கி, முந்தானையால் அடியும் மேலும் ஒரு தடவை துடைத்து, எடுத்த இடத்திலேயே வைக்கிறார் ஜீவராணி. அடுத்து நான்காம் சேனை. பிறகு கருங்கடலில் நிற்கும் கப்பல். லயத்து வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில், இரண்டு வாளிகளின் மேல் கிடத்திய பலகையில் 1914ஆம் ஆண்டு ஐரோப்பா விரிந்து கிடக்கிறது. அதன்மேல் கட்டைவிரல் நக அகலத்தில் இருநூற்று அறுபது அட்டைக் காய்கள். ஒன்றைத் தூக்கும்போது பக்கத்துக் காய் அசைவதில்லை. "தூசு படிஞ்சா நம்பர் தெரியாதுங்க" என்கிறார், என்னைப் பார்க்காமலே. ஆறு ஞாயிறாக யாரும் ஒரு காயையும் நகர்த்தவில்லை. ஆனாலும் நானும் பாண்கார சிப்னாஸும் பழக்கதோஷத்தில் வந்து உட்காருகிறோம்; அவரும் துடைக்கிறார்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் லயத்து வரிசை வீடுகளில் முதல் காம்பரா இவருடையது. வயது நாற்பத்து மூன்று. ஆறு நாள் கொழுந்து, ஏழாம் நாள் உலகப்போர். கணவர் வீரய்யா இந்தப் போரில் நடுநிலை நாடு. எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு ரேடியோ பக்கம் ஒதுங்கிவிடுவார்.

கல்யாணத்துக்கு முன் ஜீவராணி கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவர். வீட்டுப் பெரியவர் துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாள். சாப்பாட்டு மேசையில் இந்த விளையாட்டைப் பரப்பி, எல்லா நாடும் தானேயாகி, தனக்குத்தானே சண்டை போடுவார். மேசையைத் துடைக்க வேண்டும், ஒரு காயும் இடம் மாறக்கூடாது என்பது கட்டளை. துடைத்துத் துடைத்தே எந்தப் படை எங்கே நிற்கும், ஏன் நிற்கும் என்பது நான்கு வருடத்தில் இவருக்கு மனப்பாடம். ஒருநாள் துணியும் கையுமாகக் கேட்டாராம்: "மாத்தயா, இந்தக் கப்பல இங்கிட்டு வச்சா அவங்களுக்குச் சாப்பாடு போகாதே?" பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிரில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு அவர் மகளோடு இருக்கக் கனடா போனபோது, பெட்டியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

தோட்டத்தில் அதற்கு ஆள் சேர்ந்தது தனிக் கூத்து. இங்கிலாந்து ஜீவராணி. ஜெர்மனி, கீழ் லயத்துச் செல்லசாமி. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், ஐம்பது தாண்டியவர், மூக்கு நுனியில் கோபம். ஆட்டோவில் பாண் ரொட்டி கொண்டுவரும் சிப்னாஸ் ரஷ்யா. பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் என்னைப் பிரான்சாக உட்கார வைத்தார்கள். சண்டை மூண்ட மூன்றே ஞாயிற்றில் பாரிஸ் போய்விட்டது. அதிலிருந்து வகுப்பில் உலகப்போர்ப் பாடத்தைக் கொஞ்சம் வேகமாக முடித்துவிடுகிறேன்.

ஆரம்பத்தில் ஒரு மாதம் போரே நடக்கவில்லை. தேயிலை மலையில் ஆளுக்கொரு நிரை. அடுத்தவர் நிரையில் கை வைத்தால் அன்று முழுக்க ஏச்சுத்தான். அந்தப் பழக்கத்தில் ஜீவராணியும் செல்லசாமியும் தங்கள் சேனைகளைத் தங்கள் எல்லைக்குள்ளேயே ஒழுங்காக வரிசை பிடித்து நடத்திக்கொண்டிருந்தார்கள். எதிரியின் எல்லை காலியாகக் கிடந்தாலும் காலெடுத்து வைக்கவில்லை.

"மாத்தயா எனக்குக் கப்பல் மட்டுந்தான் குடுப்பாரு. அது அவங்க நிரை தம்பி, நம்ம எப்புடிப் போறது?" என்று ஜீவராணி நிஜமாகவே கேட்டார்.

சிப்னாஸ் குடித்த டீ புரையேறச் சிரித்தார். "அக்கா, அடுத்தவன் நிரைக்குள்ள போறதுக்குப் பேருதானே யுத்தம்!"

போகப் பழகிய பிறகு ஜீவராணியைப் பிடிக்க முடியவில்லை. தன் முறை வந்ததும் "பெரட்டு!" என்று ஒரு குரல் கொடுப்பார், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அதே தோரணை. நாடுகள் ஒன்றோடொன்று பேரம் பேச ஆட்டத்தில் தனி நேரம் உண்டு. எங்களுக்கு அது வீரய்யாவின் கேத்தலில் தண்ணீர் கொதிக்கிற வரை. இத்தாலியை இழுக்க முடியாமல் செல்லசாமி பொருமுவார்: "இவன் எலக்சன் கேக்க வந்தவன் மாதிரி, ரெண்டு பக்கமும் கும்புடுறான்!" ஜீவராணி அப்போதும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நிஜக் கடலை அவர் நின்று பார்த்தது காலிமுகத்திடலில், ஒரே ஒரு தடவை. பலகையில் கடல் முழுக்க அவருடையது. வடகடலில் கப்பல்களைக் கோத்து நிறுத்தி, ஜெர்மனிக்கு ஒரு மூட்டை கோதுமை போகவிடமாட்டார். வெடிச்சத்தமே இல்லாமல், முறைக்கு இரண்டு ஜெர்மன் சேனைகள் பட்டினியில் கழன்றன.

அப்போது பார்த்து மாசி வறட்சி வந்தது. மேலே ஊற்றுத் தொட்டியிலிருந்து ஒரே குழாய்தான் இரண்டு லயத்துக்கும். மேல் லயத்தார் கூடிப் பேசி, கீழே போகும் வால்வை அடைத்துவிட்டார்கள். அதைத் திருகும் இரும்புச் சாவி, தொட்டிக்குப் பக்கத்துக் காம்பரா என்பதால், ஜீவராணி வீட்டு ஆணியில் தொங்கியது. அந்த ஞாயிறு செல்லசாமி பட்டினியில் போன தன் காய்களை எடுத்து ஓரத்தில் வைத்தார். பிறகு எழுந்தார்.

"வெளயாட்டுலயும் பட்டினி போடுறீங்க, வீட்டுக்கும் தண்ணி விடமாட்டேங்குறீங்க. நல்லா இருங்க தங்கச்சி."

படியிறங்கிப் போனவர் திரும்பி வரவில்லை. அவர் மனைவி நாகலெட்சுமி குடத்தோடு ஆற்றுக்கு இறங்குவதை, கொழுந்து மலையிலிருந்து ஜீவராணி தினமும் பார்த்தார். "அந்தச் சாவியப் பாத்தா சோறு எறங்கலைங்க" என்றார் என்னிடம். எனக்கும் அவரைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. செல்லசாமியின் காய்களை நான் நகர்த்துகிறேன், ஆட்டத்தையாவது முடித்துவிடலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஜீவராணி பார்த்த பார்வையில் பிரான்ஸ் இரண்டாவது தடவையும் விழுந்தது.

"இப்ப அவங்க முறைங்க. அவங்கதான் ஆடணும்."

சொன்னது எனக்கு, குத்தியது அவரையே போலிருக்கிறது. அந்த வியாழக்கிழமை வேலை விட்டு வந்ததும், தொட்டியடியில் மேல் லயத்தாரைக் கூட்டிவிட்டார். கூட்டம் என்றால் ஓரமாக நின்றே பழகியவர் அன்று நடுவில் நின்றார். "ஒரு நா அவங்களுக்கு, ஒரு நா நமக்கு. முறை முடிஞ்சா கைய எடுத்துறணும். ஒத்துக்கலேன்னா சாவிய நீங்களே வச்சிக்கங்க, என் வீட்ல தொங்க வேணாம்." அவர்கள் நாளில் தொட்டியைக் காலி பண்ணிவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். "பண்ணட்டும். அப்ப கேப்போம். பண்றதுக்கு முந்தியே தண்டிக்கிறது என்னங்க நாயம்?" முணுமுணுப்பு நிறைய இருந்தது. கடைசியில் ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்கள். ஒரே ஒரு வாரம்தான். அதற்கே அவர் முகம் தெளிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, நான் முதலில் சொன்ன துடைப்பு முடிந்ததும், முந்தானையை இடுப்பில் செருகித் தலையில் சும்மாடு வைத்தார். "சார், ஒரு கை புடிங்க." ஐரோப்பா பலகையோடு அவர் தலைக்கு ஏறியது. கீழ் லயத்துக்கு நூற்று நாற்பது படி. காற்றை மறைக்கப் படங்குத் துணியை விரித்துப் பிடித்தபடி சிப்னாஸ் முன்னால். குடையோடு, எந்தப் பிரயோசனமும் இல்லாமல் நான் பின்னால். பாதி வழியில் மழைநீர்க் கானைத் தாண்டும்போது பலகை சரிந்து, முப்பது நாற்பது காய்கள் புல்லில் கொட்டின. அவர் பலகையை இறக்கி, உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதனதன் இடத்தில் வைத்தார். எங்கும் தயங்கவில்லை.

செல்லசாமி வாசலில் கவ்வாத்துக் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. பலகை முன்னால் இறங்கியதும் குனிந்து நெடுநேரம் பார்த்தார். இடம் மாறிய காய் ஒன்றாவது அகப்படாதா என்று தேடினார் என்றுதான் நினைக்கிறேன். அகப்படவில்லை.

ஜீவராணி இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து, பெர்லின் ஓரமாக வைத்தார். "நாளைக்கி ஒங்க நாளுங்கண்ணே. வெள்ளன தொறந்துக்கங்க. மறுநா எங்களுக்கு."

உள்ளேயிருந்து நாகலெட்சுமி வந்தார். கணவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

செல்லசாமி கத்தியைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், வடகடலில் வரிசையாக நிற்கும் இங்கிலாந்துக் கப்பல்களைக் காட்டினார்.

"அப்ப இதுகளையும் எடுத்துருவீங்கதானே தங்கச்சி?"

ஜீவராணி குனிந்தார். முன்னால் நின்ற கப்பலை இரண்டு விரலால் தூக்கினார். முந்தானையால் அடியும் மேலும் ஒரு தடவை துடைத்தார். எடுத்த இடத்திலேயே வைத்தார்.