றுக்கியாவின் இரண்டு டின்கள்

றுக்கியாவின் கலவையால்தான் சிவகுரு ஐயாவுக்கு மூச்சு அடைத்தது என்று பாலையூற்றில் இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். அன்று நான் அங்கேதான் நின்றேன். அவர் முதுகில் அடித்தவளும் நான்தான்.

றுக்கியா கிண்ணியாவைச் சேர்ந்தவள், ஐம்பத்திரண்டு வயது. கணவர் றுவைஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவருக்குச் சீனி வருத்தம் வந்ததும் பிஸ்கட்டை நிறுத்தச் சொன்னார் டொக்டர். பின்னேரத்தில் எதையாவது கொறிக்காமல் இருக்க அந்த மனிதரால் முடியவில்லை. கடையில் வாங்கிய கச்சான் கடலைப் பக்கற்றைப் பிரித்துப் பார்த்தாள் றுக்கியா. ஒரே உப்பு, விரலெல்லாம் எண்ணெய். தானே செய்யத் தொடங்கினாள்.

கச்சான், கஜு எனும் முந்திரி, எள்ளு, அதோடு கறிக்குப் பூசணிக்காய் வெட்டும்போது மற்றவர்கள் குப்பையில் போடும் விதை. விதையைக் கழுவி வெயிலில் காயவைத்து, வறுத்தபின் ஓட்டை ஒவ்வொன்றாக நகத்தால் உரிப்பாள். எல்லாவற்றையும் தனித்தனியாக, எண்ணெய் விடாமல், மெல்லிய நெருப்பில்தான் வறுப்பாள். ஒன்றாகப் போட்டால் கச்சான் வறுபடுமுன் எள்ளு கருகிவிடும். கறுத்த கச்சானைப் பொறுக்கி எறிவாள். உப்பும் இல்லை, சீனியும் இல்லை. நன்றாக ஆறிய பிறகே டின்னில் போடுவாள். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்னப் பிடி போதும்.

நான் பராமரிப்புப் பயிற்சி பெற்று, பாலையூற்றில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். அங்கே நாலு மணிக்குக் கிரீம் பிஸ்கட் கொடுத்து வந்தார்கள். எங்கள் இல்லத்துக்கும் செய்து தர முடியுமா என்று எனக்குப் பழக்கமான றுக்கியாவிடம் கேட்டேன். அவள் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி:

"எத்தினை பேருக்குப் பல் இருக்கு அக்கா?"

இத்தனை வருடத்தில் நிர்வாகக் குழுவில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. பதினான்கு பேருக்கு இருந்தது, ஒன்பது பேருக்கு இல்லை. ஆகவே இரண்டு டின் கொண்டுவந்தாள். சிவப்பு மூடி டின்னில் முழுப் பருப்பு. வெளியே பெரிய எழுத்தில், 'பல் உள்ளவர்களுக்கு மட்டும்.' நீல மூடி டின்னில் இடித்து அரித்த மா. அதைத் தயிரில் குழைத்துக் கரண்டியால் ஊட்ட வேண்டும்.

சல்லிக் கடற்கரையில் வலை இழுத்த சிவகுரு ஐயாவுக்குப் பக்கவாதம் வந்து வாயின் ஒரு பக்கம் மூடி நிற்காது. பல்லும் இல்லை. வேறெதற்கும் வாய் திறக்காத மனிதர், நீல மூடியைக் கண்டால் திறந்தார். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ கூடினார்.

அதன் பிறகுதான் ஒரு பிறந்தநாள்காரர் வந்தார். மதியச் சாப்பாடு கொடுத்துவிட்டு, பெரியவர்களுக்குக் கையால் ஊட்டுவதுபோல் படம் வேண்டும் என்றார். நான் தயிரில் குழைத்துக் கொண்டுபோனேன்.

"அது சேறு மாதிரித் தெரியும் அக்கா" என்றார் இல்லப் பொறுப்பாளர் தனுசன். "மற்ற டின்னை எடுப்பம். படத்துக்கு ஒருக்காத்தானே."

"தம்பி, அவருக்குப் பல் இல்லை!"

நான் கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடிவருவதற்குள் பிறந்தநாள்காரர் ஒரு பிடியை ஐயாவின் வாயில் போட்டுவிட்டார். கமரா மின்னியது. ஐயாவின் முகம் நீலம் பாரித்தது, சத்தமே வரவில்லை. அவரை முன்னுக்குச் சாய்த்துத் தோள்களுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஓங்கி அடித்தேன். நாலாவது அடியில் அரைக் கஜு தரையில் விழுந்தது.

அடுத்த நாள் குழு கூடியது. "றுக்கியா ரெண்டு டின்னிலயும் சாமானை மாத்திப் போட்டிருக்கிறா, வீட்டுச் சாமான் இனி வேண்டாம்" என்றார் தனுசன். நான் நடந்ததைச் சொன்னேன். பதற்றத்தில் எனக்குச் சரியாக நினைவில்லையாம்! மறுபடியும் கிரீம் பிஸ்கட் வந்தது. ஐயா வாயை மூடிக்கொண்டார்.

"நான் மாத்தல்ல அக்கா. ரெண்டு தரம் பாத்துத்தான் மூடினன்" என்று தொலைபேசியில் சொன்னாள் றுக்கியா. "இப்ப சந்தையிலயும் என்னைப் பாத்துக் கதைக்கினம்."

பிறந்தநாள்காரர் பேஸ்புக்கில் நாற்பது படம் போட்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இருபத்தாறாவது படத்தில் தனுசன் சிரித்தபடி டின்னை நீட்டுகிறார். சிவப்பு மூடி திறந்து தொங்குகிறது. எழுத்து அப்படியே தெரிகிறது. அதைக் குழுவின் முன் வைத்தேன்.

"அவசரத்தில நடந்தது அக்கா."

"ஆருக்கு அவசரம்? ஐயாவுக்கோ, கமராவுக்கோ?"

இதை எல்லாரும் மறந்துவிடுவோம், றுக்கியா பழையபடி வரலாம் என்று குழு முடிவெடுத்தது. மறப்பதாம்! றுக்கியா சம்மதிக்கவில்லை. "பழியைச் சத்தமாத்தானே சொன்னவர்? பிழை தன்னுடையது எண்டதையும் எல்லாருக்கும் முன்னால சொல்லட்டும். பிறகு வாறன்."

புதன்கிழமை நாலு மணிக்குச் சொன்னார் தனுசன், மின்விசிறியைப் பார்த்தபடி, ஒரே மூச்சில். றுக்கியா நீல மூடியைத் திறந்து, கந்தளாய்த் தயிரில் தானே குழைத்து ஐயாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு கரண்டி சாப்பிட்டபின் ஐயா நாடியை உயர்த்தித் தனுசனைக் காட்டினார்.

"அவருக்கும்... ஒரு கரண்டி... தீத்திவிடு பிள்ளை. பாவம், எழுத்து வாசிக்கத் தெரியாது."

கதிரைகளில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிவப்பு மூடி டின் இப்போது என் அலுமாரியில் பூட்டியிருக்கிறது. திறப்பு என் இடுப்பில்.