ஒழுக வேண்டிய பலகை

பதினெட்டு வருடத்தில் அவர் மாட்டிய குழாய் ஒன்றுகூட ஒழுகியதில்லை. கட்டட வேலைக்காரர்கள் அவரைப் பேப்பர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் இணைப்பைத் துணியால் துடைத்து, கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு, எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். பத்து நிமிடம். தாளில் ஈரப் புள்ளி விழவில்லை என்றால்தான் கருவிப்பையை மூடுவார். வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்தினால், "தண்ணி பொறுமைசாலிங்க. நாம கெளம்பினப்புறம்தான் வேலையக் காட்டும்" என்பார்.

அவருடைய மகளுக்கு மூன்றரை வயது. சிட்டு என்று கூப்பிட்டார்கள். பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் அவளுடைய இடப்பக்கம் இறுகிப்போயிருந்தது. வலது கையால் அப்பாவின் மூக்கைப் பிடித்துத் திருகுவாள். இடது கையோ, கட்டை விரலை உள்ளே மடித்து, ரகசியம் ஒன்றைப் பொத்திவைத்தது போல மூடியே கிடக்கும்.

மாதம் ஒருமுறை வரும் பயிற்சி டீச்சர் போன தடவை சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "வெரல நாம இழுத்துப் பிரிக்கக் கூடாது. அந்தக் கை தானா எதையாவது தேடிப் போகணும். தொட்டா சுகமா இருக்கறது, சத்தம் வர்றது, இப்படி எதையாவது குடுத்து வெளையாட விடுங்க. அடுத்த மாசம் நான் வர்றதுக்குள்ள ஒரு தரமாவது போச்சுன்னா நல்லது. இல்லன்னா பகல்ல கொஞ்ச நேரம் வெரல விரிச்சுப் பிடிக்கற பட்டை மாட்டிப் பாக்கலாம்."

அந்தப் பட்டையைச் சோதனைக்கு ஒருநாள் மாட்டியபோது சிட்டு மத்தியானம் முழுக்க அழுதாள். அவள் நிறுத்திய பிறகு அம்மா அழுதாள்.

அரிசித் தட்டு, பஞ்சு, மணல், பல் உதிர்ந்த சீப்பு எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. வலது கை அத்தனையையும் அள்ளிக்கொண்டது. இடது கை மடியில் உட்கார்ந்து முதலாளி மாதிரி வேடிக்கை பார்த்தது.

"தண்ணியில வெளையாட விட்டா என்னங்க?" என்றாள் மனைவி, சீருடை ஒன்றுக்குக் காலர் தைத்துக்கொண்டே.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? தண்ணின்னா நான்தான்."

நான்கு நாள் சாயங்காலம் வேலை நடந்தது. கீழ்வீட்டில் இருந்த மைத்துனன், வேன் ஓட்டுகிறவன், எடுபிடிக்கு வந்தான். குழந்தையின் நாற்காலி உயரத்துக்கு ஒரு பலகை. அதில் வளைந்தும் நெளிந்தும் குழாய்கள், திறந்து மூட ஏழு திருகுகள், அடியில் ஒரு தொட்டி. பளபளவென்று, ஆஸ்பத்திரிக்கே மாட்டலாம் போல இருந்தது.

சிட்டுவை நாற்காலியில் பட்டி போட்டு உட்காரவைத்தார்கள். வலது கையால் ஒரு திருகைப் பிடித்தாள். அசையவில்லை. அப்பா திறந்துவிட்டார். தண்ணீர் ஒழுங்காகக் கொட்டியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

"மாமா, என்ன இறுக்கு இறுக்கியிருக்கீங்க" என்றான் மைத்துனன். "ஒரு திருகு திருப்பறதுக்குள்ள பாப்பா காலேஜே முடிச்சிடுவா."

முகம் தொங்கிப்போய் எல்லாத் திருகுகளையும் மூடினார். தொட்டியை நகர்த்திவிட்டு, பழக்க தோஷத்தில் செய்தித்தாளை விரித்துக் குத்துக்காலிட்டார்.

டப்.

இடக்கோடியில் குழாய் வளைகிற மூட்டிலிருந்து, எல்போவிலிருந்து, ஒரு சொட்டு. யாரோ தன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியது போல அவர் துள்ளி எழுந்தார்.

"அந்த எல்போ யாருடா மாட்டினது?"

"நான்தான் மாமா. நீங்க டீ குடிக்கப் போனப்ப."

"ஒழுகாம இருக்க மரையில டேப் சுத்தினியா?"

"டேப்பா? அது சும்மா அழகுக்குன்னு நெனச்சேன்."

"பதினெட்டு வருஷப் பேர ஒரு எல்போவுல கவுத்துட்டியேடா."

"ஆனைக்கும் அடி சறுக்கும் மாமா."

"சறுக்கினது ஆனை இல்லடா, நீ."

ஸ்பேனரை எடுத்து ஓர் இறுக்கு இறுக்கினார். சொட்டு நின்றது. சிட்டு "ங்ஙே" என்று முனகிக் கீழுதட்டைப் பிதுக்கினாள். அவர் கவனிக்கவில்லை. தையல் மிஷினிலிருந்து மனைவி கவனித்தாள்.

"என்னங்க, அதக் கொஞ்சம் தளத்துங்க."

"எத?"

"இப்ப இறுக்கினீங்களே, அத."

"ஒழுகும்மா."

"ஒழுகட்டும்னுதான் சொல்றேன். அவ மூஞ்சியப் பாருங்க."

பார்த்தார். மூளைக்குப் புரிந்துவிட்டது, கைக்குத்தான் புரியவில்லை. ஸ்பேனரை அந்தப் பக்கம் திருப்பிப் பழகியிராத மணிக்கட்டு முரண்டு பிடித்தது. கால் சுற்று தளர்த்தினார்.

எல்போவின் அடியில் நீர் திரண்டது, பருத்தது, யோசித்தது, விழுந்தது. டப். சிட்டுவின் கண் தாளுக்குப் போயிற்று. அடுத்த டப்புக்குக் கழுத்தும் போயிற்று. வலது கை நீண்டது, எட்டவில்லை. சொட்டுகிற இடம் இடக்கோடி, பட்டி அவளை அதற்கு மேல் விடவில்லை. மறுபடி நீட்டினாள். மறுபடியும் எட்டவில்லை.

அப்போது மடியிலிருந்த முதலாளி எழுந்தார். நடுங்கிக்கொண்டே, பாதி வழியில் இரண்டு முறை மனம் மாறி, கடைசியில் சொட்டுக்குக் கீழே போய் நின்றார். முஷ்டியின் மேல் ஒரு துளி. சிட்டு சிரித்தாள். நாலைந்து துளிக்குப் பிறகு, மடங்கிய கட்டை விரல் மெல்ல வெளியே எட்டிப் பார்த்தது.

"மாமா..."

"மூச்சு விடாதடா."

அடுத்த வாரம் முழுக்க வீட்டில் தலைகீழ் வேலை. இடப்பக்கத்து இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, டேப்பை உரித்து எறிந்தார். ஒரு சொட்டு தாளில் விழுந்தது, ஒன்று தகர மூடியில், ஒன்று கவிழ்த்த டம்ளரில், ஒன்று சத்தமே இல்லாமல் பஞ்சில். "ஊர் குழாயெல்லாம் அடைக்கிறவர் வீட்ல மட்டும் வெள்ளம்" என்று மனைவி தரையைத் துடைத்தபடியே சிரித்தாள்.

டீச்சர் வந்த அன்று சிட்டு மக்கர் செய்தாள். டீச்சரின் தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு நிமிடம், எட்டு நிமிடம். இடது கை மடியை விட்டு அசையவில்லை. டீச்சர் கைப்பையில் எதையோ தேட, பட்டைதான் வரப்போகிறது என்று மனைவி முந்தானையைக் கசக்கினாள். பேப்பர்காரர் நனைந்த தாளை எடுத்துவிட்டு, மொடமொடப்பான புதுத் தாள் ஒன்றை விரித்துக் குத்துக்காலிட்டார்.

டப்.

கை வந்தது. முழுதாக விரியவில்லை, நன்றாகத் திறக்காத டப்பா மூடி மாதிரி, பாதி. அந்தப் பாதிக்குள் ஒரு துளி விழுந்து தங்கியது.

கைப்பையிலிருந்து பேனாதான் வந்தது. "பட்டை இப்ப வேணாம்" என்று எழுதிக்கொண்டே டீச்சர் பலகையைச் சுற்றிவந்து பார்த்தார். "இன்னும் ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. அவங்களுக்கும் இதே மாதிரி செஞ்சு தருவீங்களா?"

பேப்பர்காரர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை, தொழில் முகம்.

"செஞ்சிடலாம். நிமிஷத்துக்கு எத்தன சொட்டு வேணும்?"

"எல்போ நான் வேணா மாட்டட்டுமா மாமா?" என்றான் மைத்துனன் வாசலிலிருந்து.

"நீயே மாட்டு. டேப்ப மட்டும் தொட்ட, கைய ஒடச்சிடுவேன்."