முகம் தெரியாத அக்கா

என் மகளின் இரண்டு கைகளிலும் ஈர மெஹந்தி இருந்ததால்தான் அந்தச் செய்தியை நான் படித்தேன். இல்லாவிட்டால் அது என் கண்ணில் பட்டிருக்காது.

ஆஸ்டின் டவுனில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். இரண்டு நாற்காலி, நீளமாக ஒரு கண்ணாடி, திரை போட்டு மறைத்த ஒரு மூலை. செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். அன்று புது டிசைன் ஏதாவது பழகிப் பார்ப்பேன். பள்ளி விட்டு வரும் மகளைப் பிடித்து உட்கார வைத்துவிடுவேன். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அன்றைக்கு இரண்டு உள்ளங்கைகளையும் முடித்துவிட்டு இடது புறங்கையில் கொடி இழுத்துக்கொண்டிருந்தபோது, அவள் மடியில் இருந்த போன் விடாமல் அதிர்ந்தது.

"அம்மா, யாருன்னு பாரேன். கிளாஸ் குரூப்பா இருக்கும்" என்றாள்.

போனை அவள் முகத்துக்கு நேராகக் காட்டித் திறந்தேன். வகுப்பு குரூப் இல்லை. படம் போடும் அந்த ஆப்பில் ஒரு செய்தி. ஆங்கில எழுத்தில் தமிழ். நான் பாட்டுக்கு வாய்விட்டுப் படித்தேன். "இன்னிக்கு அம்மா கடையிலதான் இருக்கியா? சனிக்கிழமை கராத்தே முடிஞ்சதும் ஏரிப்பக்கம் வா. உனக்கு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். அம்மாகிட்ட சொல்லாத, சர்ப்ரைஸ்."

கையில் இருந்த மெஹந்தி கோனைக் கீழே வைத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் பயம் வரவில்லை. பயம் அரைமணி கழித்துத்தான் வந்தது. முதலில் வந்தது ஒரு கேள்வி. இவள் இப்போது கடையில் இருக்கிறாள் என்று இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

"யாரு இது?"

"ஒரு அக்கா."

"எங்க பாத்த?"

"பாத்ததில்ல."

"பாக்காம எப்படி அக்கா ஆனாங்க?"

"சும்மா சும்மா கேக்காதம்மா. உன் கஸ்டமர்தான் அவங்க. அவங்க அக்கா கல்யாணத்துக்கு நீதான் மேக்கப் போட்டியாம். அதனாலதான் நான் அக்செப்ட் பண்ணேன்."

மெஹந்தி காய எப்படியும் நேரம் எடுக்கும். கோபித்துக்கொண்டு எழுந்து போனாலும் கதவைத் திறக்க அவளுக்குக் கை இல்லை. அதனால் எங்கள் இருவருக்குமே உட்கார்ந்து பேசுவதைத் தவிர வழி இல்லாமல் போனது. மூன்று வாரச் செய்திகளை மேலிருந்து கீழாகப் படித்தேன். அவளும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளின் கணக்கில் அவள் முகமே இல்லை. ஆட்டோக்களின் முதுகில் எழுதியிருக்கும் வாசகங்களைப் படம் எடுத்துப் போடுவாள். கன்னடத்தில், தமிழில், சில சமயம் இரண்டும் கலந்து. அதைப் பார்க்கவும் அவள் சம்மதித்த ஆட்களால்தான் முடியும். அந்த 'அக்கா' முதலில் அந்தப் படங்களைத்தான் புகழ்ந்திருந்தாள். பிறகு கராத்தே பெல்ட்டின் நிறத்தை விசாரித்தாள். பள்ளியில் யார் யார் தோழிகள் என்று கேட்டாள். கடைசி வாரத்தில், முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தனக்கு மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தாள்.

"அனுப்பினியா?"

"இல்ல."

"ஏன் அனுப்பல?"

"முகத்துல பரு இருந்துச்சு. போனப்பறம் அனுப்பலாம்னு இருந்தேன்."

அந்தப் பருவுக்கு நான்தான் இரண்டு நாளாக வேப்பிலை அரைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அக்காவின் பக்கத்தைத் திறந்தேன். ஏழெட்டுப் படங்கள், எல்லாம் ஒரு இளம்பெண்ணின் படங்கள். சிலதில் கண்ணாடி அணிந்து, சிலதில் முகத்தில் பாதியைக் கூந்தல் மறைத்தபடி. பதினைந்து வருடமாக மற்றவர்கள் முகங்களில்தான் என் பிழைப்பு. ஒரு முகத்தைப் பார்த்தால் முதலில் புருவம், அடுத்து நெற்றியில் முடி தொடங்கும் கோடு, பிறகு காது. இந்த வரிசை கைக்குப் பழகியது. புருவத்தை நாங்கள் மாற்றிவிடலாம். முடியையும் மாற்றலாம். காதை என்ன செய்தாலும் மாற்ற முடியாது.

"இங்க பாரு" என்றேன். "இதுல காது மடல் தனியா தொங்குது. இதுல கன்னத்தோட ஒட்டியிருக்கு. இது ஒரே ஆளு இல்ல. ரெண்டு பேரு. மூணாவது படம் வேற ஒருத்தியோ என்னவோ."

அவள் மூக்கு போனில் உரசுகிற அளவுக்குக் குனிந்தாள். இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டச் சொன்னாள். அதுவரை முகத்தை இறுக்கமாக வைத்திருந்தவள், "ஐயோ, ஆமாம்மா" என்றாள். நான் நூறு தடவை திட்டியிருந்தாலும் அந்த இரண்டு வார்த்தை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அப்படியானால் இந்த ஆளுக்குக் கராத்தே எப்படித் தெரியும்? சனிக்கிழமை எப்படித் தெரியும்? இருவரும் தேட ஆரம்பித்தோம். மகளின் பக்கத்தில் ஒன்றும் இல்லை. பிறகு என் பார்லரின் பக்கத்தைத் திறந்தோம். அது கடைக்கு விளம்பரம், அதனால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எல்லாம் அங்கே இருந்தது. கராத்தே உடையில் மகள், முதுகில் அல்சூரில் இருக்கும் வகுப்பின் பெயர் பெரிதாக. கீழே நான் எழுதியிருந்தேன், 'ஒவ்வொரு சனிக்கிழமையும் என் சிங்கக்குட்டி'. பள்ளிச் சீருடையில் இரட்டைச் சடை போட்ட படம், சட்டையில் பள்ளியின் சின்னம். பிறந்தநாள் கேக், மேலே வயது. எல்லாப் படத்திலும் அவள் கணக்கின் பெயரை இணைத்திருந்தேன். அதைத் தட்டினால் நேராக அவளிடம் போகும். 'மாலை நேரத்தில் கடையில் அம்மாவுக்கு உதவி' என்று ஒரு படம். எல்லாவற்றுக்கும் மேலே, கொஞ்ச நேரத்துக்கு முன் நான் எடுத்துப் போட்ட சின்ன வீடியோ. மெஹந்தி போட்ட அவளுடைய வலது கை, பின்னால் கண்ணாடியில் அவள் முகம். 'இப்போது கடையில்' என்று எழுதியிருந்தேன்.

"நான் எதுவுமே போடலம்மா" என்றாள் மகள். குற்றம் சாட்டுகிற மாதிரிகூடச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் விடை கண்டுபிடித்தவள் சொல்வதுபோலச் சொன்னாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கோனை எடுத்து மூடியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன்.

ஆனாலும் அந்த ஆள் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை என்னை விடவில்லை. "நீ பேசுற மாதிரியே நான் எழுதறேன். எந்தக் கல்யாணம், எந்த மண்டபம்னு கேப்போம். உளறட்டும்" என்று தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.

"வேணாம்மா! பதில் போடாத." மெஹந்திக் கையாலேயே போனைத் தட்டிவிட்டாள். திரையில் பச்சையாக அப்பிக்கொண்டது. "ஸ்கூல்ல சொன்னாங்க. பேசக்கூடாது, அழிக்கவும் கூடாது. முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடு. அப்பறம் ரிப்போர்ட், அப்பறம் பிளாக்."

"இவ்ளோ தெரிஞ்சுமா நீ..."

"அது கெட்டவங்களுக்குன்னு நினைச்சேன். இவங்க நல்லவங்களாதானே பேசினாங்க."

திரையைத் துடைத்துவிட்டு அவள் சொன்ன வரிசையிலேயே செய்தோம்.

சாயங்காலம் கணவர் வந்தார். ஐ.டி. கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டுகிறவர். கேட்டதும், "போனும் வேணாம் ஒண்ணும் வேணாம். கராத்தேவும் வேணாம். ஸ்கூல், வீடு, அவ்ளோதான்" என்றார். மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இப்ப அவளா வந்து சொல்லல. கைல மெஹந்தி இருந்துச்சு, அதனால தெரிஞ்சுது" என்றேன். "அடுத்த தடவ அவளா வந்து சொல்லணும். போனைப் புடுங்கினா சொல்வாளா?"

அதன் பிறகு அவர் போனையும் கேட்கவில்லை, கராத்தேவை நிறுத்துகிற பேச்சையும் எடுக்கவில்லை.

மறுநாள் மூவருமாகக் காவல் நிலையம் போனோம். அங்கிருந்த பெண் அதிகாரி கன்னடத்தில் பொறுமையாக விசாரித்தார். ஸ்கிரீன்ஷாட்டுகளை வாங்கிக்கொண்டு, இதை யாரும் அழிக்காமல் வைத்திருந்தது நல்லது என்று மகளைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பார்லர் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "எல்லா இதரல்லே இதேயல்லம்மா" என்றார். எல்லாம் இதிலேயே இருக்கிறதே என்று. குரலில் கண்டிப்பு இல்லை, அதனால் இன்னும் வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை நீங்களாக அங்கே போய் யாரையும் பிடிக்க முயற்சி செய்யாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு மகளைக் கராத்தே வகுப்புக்குக் கூட்டிப் போனார், வாசலிலேயே காத்திருந்தார். இடையில் மனசு கேட்காமல் ஏரிப்பக்கம் ஒரு நடை போய் வந்தாராம். "எவனைப் பாத்தாலும் அவனாதான் தெரியுது. கடலை விக்கிறவரைக்கூட முறைச்சுட்டு வந்துட்டேன், பாவம்" என்றார். மகள் சிரித்தாள். ஐந்து நாளில் அப்போதுதான் சிரித்தாள்.

அந்தக் கணக்கு சில நாட்களில் காணாமல் போனது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆணா பெண்ணா, இதே ஊரா, எங்கேயோ உட்கார்ந்துகொண்டு வகுப்புக்குப் பக்கத்தில் ஏரி இருப்பதைத் தேடிப் பிடித்தவரா, எதுவும் தெரியாது. இப்போதும் நாற்காலியில் முகம் தெரியாத யாராவது வந்து உட்கார்ந்தால் ஒரு கணம் அந்த எண்ணம் வந்து போகிறது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நானும் மகளும் என் பக்கத்தைச் சுத்தம் செய்தோம். அவள் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். "இது இருக்கட்டும், இது வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குப் பிடித்த படங்களையெல்லாம் வேண்டாம் என்றாள். சிங்கக்குட்டி படத்துக்கு, "இத நீ போட்டப்பவே எனக்குப் பிடிக்கல. பசங்க கிளாஸ்ல சிங்கக்குட்டின்னு கூப்பிட்டாங்க" என்றாள். ஒரு வருடமாக அது எனக்குத் தெரியாது. அவள் கற்றுக்கொடுத்து நானும் சிலது கற்றுக்கொண்டேன். யார் செய்தி அனுப்பலாம் என்பதை எங்கே மாற்றுவது, யாராவது நம் பெயரைப் படத்தில் இணைத்தால் நம்மைக் கேட்ட பிறகே அது தெரியும்படி எப்படி வைப்பது, வெளியே எடுத்த படத்தை வீட்டுக்கு வந்த பிறகு போடுவது.

தெரிந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. புருவம் திருத்திக்கொள்ள வரும் அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தேன். முடி இழுக்கும் நூலை வாயில் கடித்திருக்கும்போது பேச முடியாது, அதனால் ஒரு புருவத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பேசுவேன். சிலர் அங்கேயே போனை நீட்டி, "அக்கா, இதையும் பாத்துடுங்க" என்பார்கள். ஒருவர் மட்டும், "என் பொண்ணு அப்படியெல்லாம் இல்ல" என்று பட்டென்று சொல்லிவிட்டு அதன் பிறகு வரவேயில்லை. என் பொண்ணும் அப்படி இல்லை என்றுதான் சொல்ல வந்தேன். சொல்லும் விதம் எனக்கு வரவில்லை.

போன மாதம் நீலசந்திராவில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அலங்காரம் செய்யப் போனேன். முன்பெல்லாம் இந்த விழாப் படங்களைப் பெண்ணின் பெயர், தேதி எல்லாம் போட்டுத்தான் என் பக்கத்தில் ஏற்றுவேன். அம்மாக்கள் பெருமையாகச் சம்மதிப்பார்கள். பெண்ணை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அன்றைக்கு ஜடையில் பூ வைத்து முடித்ததும் அந்தப் பெண்ணின் அம்மா, "அக்கா, நல்லா எடுத்துப் போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

நான் பெண்ணின் பக்கம் திரும்பினேன். பன்னிரண்டு வயது இருக்கும். "உன் படத்தை என் பக்கத்துல போடலாமாம்மா? யார் வேணா பாப்பாங்க. வேணாம்னா வேணாம்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். "அவளை என்னக்கா கேக்கறீங்க, குழந்தை அது" என்றார் அம்மா.

"சொல்லட்டுமே."

அறையில் இருந்த அத்தை, சித்தி எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை. கண்ணாடியில் தன்னை முன்னாலும் பக்கவாட்டிலும் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ஜடை மட்டும் எடுத்துக்கோங்க" என்றாள்.